பேப்பர்ல 'ரெட்'னு இருந்த அப்பன், வெள்ளையா பொறந்த குட்டி: ஒரு ஈத்தோட நிற ஆய்வு

பெட்டை நீல மெர்ல், அதாவது சாம்பல் உடம்புல கருப்பு திட்டு, கடுவன் ரெட், ரெண்டுமே பார்டர் கோலி ஜாதி நாய், ரெண்டுக்கும் பேப்பர், அதாவது ஜாதி பதிவு சான்று, இருக்கு. ஒரே ஈத்துல எட்டு குட்டி. ஒண்ணு சாதாரண கருப்பு வெள்ளை, ரெண்டு அம்மா மாதிரியே நீல மெர்ல், ஒண்ணு ரெட் மெர்ல், அதாவது காபி கலர்ல திட்டு திட்டா, ஒண்ணு கருப்பு வெள்ளையோட புருவத்துலயும் கன்னத்துலயும் கால்லயும் டான், அதாவது செம்பழுப்பு, அடிச்ச ட்ரை கலர், ரெண்டு வெளிர் மஞ்சள், கடைசியா ஒண்ணு கிட்டத்தட்ட முழு வெள்ளை, ஒரு காதுலயும் வால் பக்கமும் மட்டும் லேசா சாம்பல் கறை. இதுதான் என்கிட்ட வந்த கேஸ்.

பெட்டைய வளக்கறவர் எனக்கு பல வருஷ பழக்கம். குட்டிங்களுக்கு மூணு வாரம் ஆனப்போ ஃபோன் பண்ணாரு, குரலே சரியில்ல. "அண்ணே, எல்லாரும் வேற நாய் ஏறிடுச்சுன்னு சொல்றாங்க, நான் பெட்டைய ஹீட்ல இருந்த நாள் பூரா கண்ணு முன்னாடியே வச்சிருந்தேன், நீங்களாவது நம்புங்க"ன்னாரு. நான் நம்பினேன், ஆனா நம்பிக்கை ஒரு ஆதாரம் கிடையாதே, அதனால முதல் நாள்லேர்ந்து ஒவ்வொண்ணா எழுதி வச்சுக்கிட்டு போனேன். அந்த குறிப்புங்களதான் இங்க விரிவா தர்றேன், ஏன்னா இதே தப்பு இன்னும் எத்தனையோ இடத்துல நடந்துட்டுதான் இருக்கு, அதுல அடிபடறது காது கேக்காம கண்ணு தெரியாம பொறக்கற குட்டிங்க.

ஊர் சொன்ன வாதத்துல ஒரு லாஜிக் இருந்துது, அத ஒத்துக்கணும். வெள்ளை குட்டிய பாத்த உடனே கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க டபுள் மெர்ல்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு ஜீனும் நாய்கிட்ட ரெண்டு காப்பி இருக்கும், டபுள் மெர்ல் வரணும்னா அம்மாகிட்டேர்ந்து ஒரு மெர்ல் காப்பி, அப்பாகிட்டேர்ந்து ஒரு மெர்ல் காப்பி, ரெண்டும் வந்தாகணும். அப்பன் ரெட், உடம்புல ஒரு திட்டு கூட இல்ல, அப்போ அப்பன்கிட்ட மெர்ல் இல்ல, அப்போ அந்த குட்டிக்கு அப்பன் வேற யாரோ. நாய்ல இது நடக்காத விஷயமும் இல்ல, ஹீட் சமயத்துல பெட்டை ரெண்டு கடுவனோட சேர்ந்தா ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் குட்டிங்களும் கலந்து பொறக்கலாம். ட்ரை கலர் குட்டியையும் இதே கணக்குல சேத்துட்டாங்க, அம்மாகிட்டயும் டான் இல்ல அப்பன்கிட்டயும் டான் இல்ல, அப்புறம் எங்கேர்ந்து வந்துதுன்னு.

இந்த சங்கிலில ஒரே ஒரு கண்ணிதான் பலவீனம். "அப்பன் உடம்புல தெரியல, அதனால அப்பன்கிட்ட இல்ல."

கடுவன நேர்ல பாத்தது

நான் முதல்ல குட்டிங்கள பாக்கல, கடுவன பாக்கத்தான் போனேன். நல்ல நாய், அமைதி, நெஞ்சுலயும் கழுத்துலயும் கால் நுனிலயும் வெள்ளை, மீதி உடம்பு முழுக்க தங்க நிறத்துக்கும் செம்மண் நிறத்துக்கும் நடுவுல. பேப்பர்ல கலர்னு போட்ட கட்டத்துல 'ரெட்'னு ஒரே வார்த்தை. ஆனா மூக்கு கரி மாதிரி கருப்பு. கண் ஓரம் கருப்பு, பாதத்துல அடி மெத்தையும் கருப்பு.

அங்கயே எனக்கு பாதி விஷயம் விளங்கிடுச்சு. ஏன்னு சொல்லணும்னா நாயோட நிறம் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வரணும், பொறுத்துக்கங்க.

நாயோட முடில இருக்கற நிறமி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு யூமெலனின், அது கருப்பு, அதுவே சில ஜீன் மாற்றத்தால காபி பிரவுனாவோ சாம்பலாவோ மாறும். இன்னொண்ணு ஃபியோமெலனின், அது செவப்பு, மஞ்சள், கிரீம், இந்த வரிசை. மூக்கு, கண் ஓரம், பாத மெத்தை இதெல்லாம் யூமெலனின் பகுதி. உலகத்துல இருக்கற அத்தனை நாய் கலரும் இந்த ரெண்டு நிறமி எங்க வருது, எவ்வளவு வருது, எங்க வராம போகுதுங்கற கணக்குதான், வெள்ளைங்கறது தனி நிறமி இல்ல, அங்க நிறமி இல்லன்னு அர்த்தம்.

இப்போ 'ரெட்'ங்கற ஒத்த வார்த்தைக்கு வருவோம். நாய் செவலையா தெரியறதுக்கு மூணு தனித்தனி வழி இருக்கு, மூணும் வேற வேற குரோமோசோம்ல இருக்கற வேற வேற ஜீன். முதல் வழி பி லோகஸ் (லோகஸ்னா ஜீன் உக்காந்திருக்கற இடம்), அதாவது 11-வது குரோமோசோம்ல இருக்கற டிஒய்ஆர்பி1 ஜீன். இதோட சாதாரண வகைய பெரிய பி-ன்னும் மாறுன வகைய சின்ன பி-ன்னும் எழுதுவாங்க, ரெண்டு காப்பியும் சின்ன பி-யா இருந்தா கருப்பு நிறமி முழுக்க பிரவுனா மாறிடும், முடி மட்டும் இல்ல, மூக்கும் கண் ஓரமும் கூட பிரவுன். லாப்ரடார்ல இத சாக்லேட்னு சொல்றாங்க, பார்டர் கோலிலயும் ஆஸ்ட்ரேலியன் ஷெப்பர்டுலயும் இத 'ரெட்'னு சொல்றாங்க. இந்த சின்ன பி-ல மூணு வகை மாற்றம் 2002-லயே கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, இன்னிக்கு டெஸ்ட் பண்றது முக்கியமா அந்த மூணத்தான்.

ரெண்டாவது வழி ஈ லோகஸ், 5-வது குரோமோசோம்ல எம்சி1ஆர் ஜீன். இது நிறமி செல்லோட மேல் தோல்ல உக்காந்திருக்கற ஒரு ரிசப்டர், சுவிட்ச்னு வச்சுக்கங்க. சுவிட்ச் ஆன்ல இருந்தா செல் யூமெலனின் பண்ணும், ஆஃப்ல இருந்தா ஃபியோமெலனின் பண்ணும். சின்ன ஈ-ங்கற வகைல இந்த புரதத்தோட 306-வது இடத்துல பாதியிலயே நின்னு போற மாதிரி ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால சுவிட்ச் வேலையே செய்யாது. ரெண்டு காப்பியும் சின்ன ஈ-ன்னா முடி முழுக்க செவப்பு மஞ்சள்தான், ஒரு கருப்பு முடி கூட வராது, மீசை முடி உட்பட. ஆனா மூக்கும் கண் ஓரமும் பாத மெத்தையும் கருப்பாவே இருக்கும், இந்த சுவிட்ச் அங்க ஆட்சி பண்றதில்ல. மஞ்சள் லாப்ரடார் இதுதான். பார்டர் கோலில இப்படி வர்றத 'ஆஸ்ட்ரேலியன் ரெட்'னு சொல்ற பழக்கம் உண்டு, அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது.

மூணாவது வழி ஏ லோகஸ், 24-வது குரோமோசோம்ல ஏஎஸ்ஐபி ஜீன், அகூட்டின்னு சொல்ற புரதம். இதுல ஃபான் இல்ல சேபிள்னு சொல்ற வகை வந்தாலும் உடம்பு செவலையாத்தான் தெரியும், மூக்கும் கருப்பாத்தான் இருக்கும், ஆனா பெரும்பாலும் முதுகுலயோ காது நுனிலயோ மீசைலயோ கருப்பு முடி கலந்திருக்கும். (இந்த செவலை வகையோட வரலாறு தனியா ஒரு ஆச்சரியம், 2021-ல வந்த ஒரு ஆய்வு இந்த ஜீன் துண்டு சாம்பல் ஓநாய் வழிலேர்ந்து 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு போய் அழிஞ்சு போன ஒரு விலங்குகிட்டேர்ந்து வந்துதுன்னு சொல்லுது, வீட்டு வாசல்ல படுத்திருக்கற ஒரு சாதாரண செவலை நாய்க்குள்ள அவ்வளவு பழைய பொருள் இருக்குன்னு நெனச்சா எனக்கு இன்னும் சிலிர்க்கும்.)

ஆக அந்த கடுவன் மூக்கு கருப்பு, அதனால முதல் வழி காலி, அது பிரவுன் நாயே இல்ல. மீசைய வெளிச்சத்துல புடிச்சு ஒவ்வொண்ணா பாத்தேன், எல்லாம் வைக்கோல் நிறம். முதுகுல விரல விட்டு விரிச்சு பாத்தேன், ஒரு கருப்பு முடி இல்ல. இது ரெண்டாவது வழி. சின்ன ஈ ரெண்டு.

அப்புறம் இடது கண்ணுல அடி ஓரமா ஒரு நீல துண்டு. சின்னதுதான், ஒரு பருப்பு உடைச்ச அளவு. அத காட்டி கேட்டேன், "அது பொறந்ததுலேர்ந்தே இருக்கு, அழகா இருக்குன்னு விட்டுட்டோம்"னாங்க. பேப்பர்ல கடுவனோட அம்மா என்ன கலர்னு பாத்தேன். நீல மெர்ல்.

மெர்ல் எங்க ஒளியும்

மெர்ல்ங்கறது 10-வது குரோமோசோம்ல பிமெல்னு ஒரு ஜீன்குள்ள ஒரு துண்டு டிஎன்ஏ தாவி வந்து உக்காந்துக்கறது. 2006-ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இத கண்டுபிடிச்சாங்க, அப்போ இந்த ஜீன சில்வர்னு வேற பேர்லதான் கூப்பிட்டாங்க. அந்த துண்டோட வால்ல ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும், அந்த வால் எவ்வளவு நீளம்ங்கறத பொறுத்து மெர்ல் எவ்வளவு பளிச்சுனு தெரியும்ங்கறது மாறும். நீளம் ரொம்ப குறைவா இருந்தா மெர்ல் வெளிய தெரியவே தெரியாது, அத கிரிப்டிக்னு சொல்றாங்க. மொத்த துண்டு 265-லேர்ந்து 268 எழுத்து வரைக்கும் இருந்தா அது கிளாசிக் மெர்ல், நாம எல்லாரும் படத்துல பாக்கற அந்த சாம்பல்ல கருப்பு திட்டு.

ஆனா இந்த கேஸுக்கு உயிர் நாடியான விஷயம் இதுதான்: மெர்ல் அழிக்கறது யூமெலனின மட்டும். கருப்பையும் பிரவுனையும்தான் அது கழுவி வெளிர் ஆக்கும், செவப்பு மஞ்சள அது தொடாது. அப்போ உடம்புல கருப்பு முடியே இல்லாத ஒரு நாய்கிட்ட, அதாவது சின்ன ஈ ரெண்டு இருக்கற நாய்கிட்ட, முழு வீரியமான மெர்ல் இருந்தாலும் அது எங்க போய் தன்ன காட்டும்? முடில இடமே இல்ல. சில சமயம் கண்ணுல ஒரு நீல துண்டா, மூக்குல ஒரு ரோஸ் கறையா எட்டிப் பாக்கும், பல சமயம் அதுவும் இருக்காது.

இதே கடுவன் பேப்பர்ல சொன்ன மாதிரி நிஜமாவே பிரவுன் ரெட்டா இருந்திருந்தா, மெர்ல் இருந்தா அது ரெட் மெர்லா கண்ணுக்கு தெரிஞ்சிருக்கும், தெரியலன்னா இல்லன்னு ஓரளவு நம்பலாம். அதத்தான் பெட்டைக்காரரும் நம்பினாரு. 'ரெட்'ங்கற சொல்லு ரெண்டு வேற நாய்க்கு ஒரே சட்டைய போட்டு விட்டுடுச்சு. நம்ம மொழில செவலைன்னு சொன்னாலும் இதே நிலைமைதான், கண்ணு பாக்கற கலர்தான் அந்த வார்த்தை, உள்ள இருக்கற ஜீன் இல்ல.

இருந்தாலும் நான் அவசரப்படல. வெள்ளை குட்டிக்கு நாலு விளக்கம் எழுதி வச்சேன். வேற அப்பன், அது ஒண்ணு. கடுவன்கிட்ட கிரிப்டிக் மெர்ல், அது ரெண்டு. கடுவன்கிட்ட கிளாசிக் மெர்லே இருந்து மஞ்சளுக்கு அடில ஒளிஞ்சிருக்கறது மூணு. நாலாவது, இது மெர்லே இல்ல, எம்ஐடிஎஃப் ஜீன் சம்பந்தப்பட்ட சாதாரண வெள்ளை, டால்மேஷியன்லயும் புல் டெரியர்லயும் வர்ற மாதிரி அதிகப்படி வெள்ளை. நாலாவது ரொம்ப நேரம் நிக்கல, ஏன்னா குட்டியோட காதுல மிச்சமிருந்த கறை தெளிவான கருப்பா இல்லாம மங்கலான மெர்ல் சாம்பலா இருந்துது, அதோட வலது கண்ணு இடது கண்ண விட தெளிவா சின்னது, கண் பாப்பா நடுவுல இல்லாம கீழ் பக்கமா இழுத்துட்டு இருந்துது. சும்மா வெள்ளை அடிச்ச குட்டிக்கு அப்படி கண்ணு வர்றதில்ல.

டெஸ்ட்

குட்டிங்களுக்கு அஞ்சு வாரம் ஆனப்போ கன்னத்து உள்பக்கம் ஸ்வாப் எடுத்தோம். பால் குடிக்கற குட்டிகிட்ட இத எடுக்கறப்போ கவனமா இருக்கணும், அம்மாவோட செல் குட்டி வாய்ல இருந்தா ரிசல்ட் குழம்பிடும், அதனால ஒவ்வொரு குட்டியையும் ரெண்டு மணி நேரம் தனியா வச்சு, வாய்க்கு எதுவும் குடுக்காம, அப்புறம்தான் எடுத்தோம். எட்டு குட்டி, அம்மா, கடுவன், பத்து சாம்பிள். அப்பன் யாருன்னு பாக்கற பரம்பரை சோதனை ஒண்ணு, கலர் சோதனை ஒண்ணு, ரெண்டும் கேட்டோம். கலர் மட்டும் கேட்டிருந்தா பெட்டைக்காரர் மேல விழுந்த பேச்சு முழுசா போயிருக்காது.

பரம்பரை ரிசல்ட் முதல்ல வந்துது. எட்டு குட்டிக்கும் அப்பன் அதே கடுவன்தான். அத படிச்சு சொன்னப்போ அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

கலர் ரிசல்ட் அடுத்த வாரம், இதுல வர்ற புது பேருங்கள கீழ ஒவ்வொண்ணா சொல்றேன். கடுவன்: சின்ன ஈ ரெண்டு, கே லோகஸ்ல டாமினன்ட் பிளாக் ஒண்ணு சாதா ஒண்ணு, ஏ லோகஸ்ல டான் பாயிண்ட் ரெண்டு, பெரிய பி ஒண்ணு சின்ன பி ஒண்ணு, டைல்யூட் இல்ல, மெர்ல் ஒரு காப்பி, துண்டு நீளம் 266. கிரிப்டிக் இல்ல, நல்லா வளந்த கிளாசிக் மெர்ல், மஞ்சள் போர்வைக்குள்ள படுத்திருந்துது. பெட்டை: பெரிய ஈ ஒண்ணு சின்ன ஈ ஒண்ணு, டாமினன்ட் பிளாக் ஒண்ணு சாதா ஒண்ணு, டான் பாயிண்ட் ரெண்டு, பெரிய பி சின்ன பி, டைல்யூட் ஒரு காப்பி, மெர்ல் ஒரு காப்பி.

இந்த ரெண்டு வரிய வச்சே எட்டு குட்டியையும் விளக்கிடலாம், ஒண்ணு கூட மிச்சமில்ல.

வெள்ளை குட்டிக்கு மெர்ல் ரெண்டு காப்பி. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரு காப்பி வச்சிருந்தா ஒவ்வொரு குட்டிக்கும் 4-ல 1 சான்ஸ் டபுள் மெர்ல் ஆக, எட்டு குட்டி போட்டா ஒண்ணாவது அப்படி வர்றதுக்கு சான்ஸ் சுமார் 90%. அதாவது இந்த கிராஸிங் போட்ட அன்னிக்கே இது கிட்டத்தட்ட முடிவான விஷயம், யாருக்கும் தெரியலங்கறது மட்டும்தான்.

மஞ்சள் குட்டிங்க ரெண்டும் சின்ன ஈ ரெண்டு காப்பி, அம்மாவோட சின்ன ஈ அப்பனோட சின்ன ஈயோட சேர்ந்துது. அதுல ஒரு குட்டிக்கு மூக்கு கருப்பா ஏறிடுச்சு, இன்னொண்ணுக்கு காபி கலர்லயே நின்னுடுச்சு, பொறந்தப்போ ரெண்டுக்கும் ரோஸ் மூக்குதான் அதனால முதல்ல வித்தியாசம் தெரியல. காபி மூக்கு குட்டிக்கு சின்ன ஈ ரெண்டோட சின்ன பி-யும் ரெண்டு, அதாவது மஞ்சளுக்குள்ள பிரவுன் ஒளிஞ்சிருக்கு. லாப்ரடார்காரங்க இத டட்லின்னு சொல்வாங்க. உடம்பு ஒரே கலர், மூக்கு மட்டும் உண்மைய சொல்லுது. அப்பன் அவ்வளவு அடர் செவப்பா இருக்க குட்டிங்க ஏன் வெளிறி இருக்குன்னா அது நிறத்தோட அடர்த்திய ஆட்சி பண்ற வேற ஜீன்கள், வயசு ஏற ஏற கொஞ்சம் ஏறும், இந்த கேஸுக்கு அது முக்கியமில்ல.

ரெட் மெர்ல் குட்டி, சின்ன பி ரெண்டு, மெர்ல் ஒண்ணு. இந்த குட்டிதான் எல்லாரையும் ஏமாத்துனது, "பாத்தீங்களா, அப்பன் ரெட், குட்டி ரெட் மெர்ல், சரியாத்தானே இருக்கு"ன்னு. முடிவு சரி, காரணம் தப்பு. அப்பன் பிரவுன் நாய் இல்ல, பிரவுன ஒளிச்சு வச்சிருக்கற நாய். தப்பான கதைக்கும் ஒரு ஆதாரம் பொருந்திப் போகும், அதனாலயே ஒத்த ஆதாரத்த வச்சு முடிவு கட்டக் கூடாது.

ட்ரை கலர் குட்டிதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன். அம்மா அப்பா ரெண்டு பேர் ஏ லோகஸ்லயும் டான் பாயிண்ட் ரெண்டு ரெண்டு காப்பி இருக்கு, அப்புறம் ஏன் ரெண்டு பேர் உடம்புலயும் டான் தெரியல? அப்பன் விஷயம் சுலபம், அவனே முழு செவப்பு, டான் தனியா எங்க தெரியும். அம்மாகிட்ட டான மறைச்சது கே லோகஸ்ல இருக்கற டாமினன்ட் பிளாக். முன்ன சொன்ன சுவிட்ச ஞாபகம் வச்சுக்கங்க. அகூட்டி புரதம் வந்து அந்த சுவிட்ச ஆஃப் பண்ணும், பண்ண இடத்துல டான். டாமினன்ட் பிளாக் ஒரு காப்பி இருந்தா போதும், அந்த புரதம் அகூட்டிய சுவிட்ச் கிட்டயே நெருங்க விடாது, உடம்பு பூரா கருப்பு. ரெண்டு பேரும் ஒவ்வொரு சாதா காப்பி வச்சிருந்தாங்க, அந்த சாதா ரெண்டும் ஒரு குட்டிகிட்ட சேர்ந்துது, தடுக்க ஆளில்ல, தலைமுறையா மறைஞ்சிருந்த டான் வெளிய வந்துடுச்சு. அந்த குட்டிக்கு பெரிய ஈ-யும் வந்து மெர்லும் வராம போனதுனால சுத்தமான ட்ரை.

இந்த கே லோகஸ் விஷயத்துல பெரிய விஞ்ஞானிகளே தடுமாறியிருக்காங்க. நாய் நிறத்துக்கு முறையா லோகஸ் பேர் வச்சு தொகுத்த கிளாரன்ஸ் குக் லிட்டில் 1957-ல, டாமினன்ட் பிளாக் ஏ லோகஸோட உச்சிலயே இருக்கற ஒரு வகைன்னு வச்சாரு. அவருகிட்ட இருந்தது குட்டிங்களோட கலர் கணக்கு மட்டும்தான், டிஎன்ஏ கிடையாது. ஐம்பது வருஷம் அப்படியே பாடமா போச்சு. 2007-லதான் அது 16-வது குரோமோசோம்ல இருக்கற வேற ஜீன்னு தெரிஞ்சுது, அதுவும் என்ன ஜீன், சிபிடி103, பீட்டா டிஃபென்சின் குடும்பம், கிருமிய எதிர்த்து சண்டை போடற புரதங்களோட குடும்பம். அதுல ஒரே ஒரு அமினோ அமிலம் காணாம போனதுல நாய் கருப்பாயிடுது. 2009-ல வட அமெரிக்கா கருப்பு ஓநாய்களும் இந்த மாற்றத்த நாய்கிட்டேர்ந்துதான் வாங்கிச்சுன்னு காட்டினாங்க.

மீதி மூணு, கருப்பு வெள்ளையும் ரெண்டு நீல மெர்லும், சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. ஆனா 'நீலம்'ங்கற பேரால ஒரு கேள்வி வந்துது, அம்மாகிட்ட டைல்யூட் காப்பி இருக்கே அதனாலதான் நீலமான்னு. இல்ல. நீல மெர்ல்ல இருக்கற நீலம் கருப்ப மெர்ல் கழுவினதால வர்றது. டைல்யூட் நீலம் வேற, எம்எல்பிஎச் ஜீன்ல சின்ன டி ரெண்டு இருந்தா நிறமி துகள் முடில சீரா பரவாம கட்டி கட்டியா நிக்கும், உடம்பு முழுக்க ஒரே சாம்பல், மூக்கும் சாம்பல். கடுவன்கிட்ட சின்ன டி இல்லாததால இந்த ஈத்துல அது வரவே முடியாது. ஆக ரெட்னு ஒரு வார்த்தைக்கு மூணு அர்த்தம், நீலம்னு ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்.

கணக்கு பாக்கறவங்க ஒண்ணு கேட்டாங்க, சின்ன ஈ ரெண்டு உள்ள அப்பன், ஒண்ணு உள்ள அம்மா, அப்போ பாதி, நாலு குட்டி மஞ்சளா வரணுமே, ஏன் ரெண்டுன்னு. காச எட்டு தடவ சுண்டினா நாலு தலை நாலு பூ சரியா விழுதா? எட்டு குட்டிங்கறது ரொம்ப சின்ன கூட்டம். விகிதத்த ஒரு ஈத்துல தேடாதீங்க, எது வரவே முடியாது எது வர முடியும்ங்கறத மட்டும் பாருங்க.

வெள்ளை குட்டி

ஆறு வாரத்துல வெள்ளை குட்டிக்கு பேயர் டெஸ்ட் எடுத்தோம். காதுல கிளிக் கிளிக்னு சத்தம் குடுத்து, மண்டைல மெல்லிசா ஊசி எலக்ட்ரோட் வச்சு, சத்தத்துக்கு நரம்பு பதில் சொல்லுதான்னு திரைல அலையா பாப்பாங்க. கை தட்டி பாக்கறதெல்லாம் நம்பவே கூடாது, குட்டி காத்தோட அசைவையும் தரை அதிர்வையும் உணர்ந்து திரும்பிடும், ஒரு காது மட்டும் கேக்காத குட்டி வீட்டுல யாருக்கும் புரியாமலே வளந்துடும். இந்த குட்டிக்கு ரெண்டு காதுலயும் கோடு தட்டையா போச்சு. வலது கண்ணுல பார்வை ரொம்ப கம்மின்னு கண் டாக்டர் சொன்னாரு.

ஏன் நிறத்துக்கும் காதுக்கும் தொடர்புன்னு நெறைய பேர் கேக்கறாங்க. நிறமி செல்லுங்க கரு வளர்ற காலத்துல முதுகு பக்கத்துலேர்ந்து கெளம்பி உடம்பு பூரா நடந்து போய் சேர்ற செல்லுங்க. அதுல ஒரு பகுதி உள் காதுக்கும் போகணும், அங்க அதோட வேலை கலர் குடுக்கறது இல்ல, காது திரவத்துல பொட்டாசியம் அளவ சரியா வச்சு கேக்கற செல்லுங்கள உயிரோட வச்சுக்கறது. அது அங்க இல்லன்னா பொறந்த சில வாரத்துலயே அந்த செல்லுங்க அழிஞ்சு போய்டும், திரும்ப வராது. அமெரிக்கால டால்மேஷியன்கள்ல சுமார் 30% ஒரு காதாவது கேக்காம இருக்கறதும் இதே வழிதான், அங்க மெர்ல் இல்ல, அதிக வெள்ளை. மெர்ல் பத்தி 2009-ல நாய்ங்களோட காது கேளாமைய ஆராயற ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் குழு வெளியிட்ட கணக்குல ஒரு காப்பி மெர்ல் நாய்கள்ல 3.6% பேருக்கு ஒரு காதோ ரெண்டு காதோ கேக்கல, ரெண்டு காப்பி உள்ளதுல அது 25%. ஒரு காப்பி மெர்ல் பெரும்பாலும் நல்லா ஆரோக்கியமா வாழும், நான் மெர்ல் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. ரெண்டு மெர்ல சேக்காதீங்கன்னுதான் கெஞ்சறேன், அதுக்கு எது மெர்ல்னு முதல்ல தெரியணும்.

கடுவனோட பழைய ஈத்து

ரிசல்ட்ட கடுவன்காரங்ககிட்ட காட்டுனப்போதான் அவங்க ஒரு விஷயத்த ஞாபகப்படுத்தி சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதே கடுவன ஒரு கருப்பு வெள்ளை பெட்டைக்கு போட்டிருக்காங்க, பொறந்த ஆறுல மூணு நீல மெர்ல். ரெட்டுக்கும் கருப்புக்கும் மெர்ல் எப்படின்னு கேட்டு, அந்த பெட்டைக்காரம்மா மேல பழி போட்டு, அந்த குட்டிங்களுக்கு பேப்பர் இல்லாம பண்ணிட்டாங்க, அந்தம்மாவும் அதோட கிராஸிங் விடறதையே நிறுத்திட்டாங்களாம். அந்த ஈத்து அப்போவே டெஸ்ட் கேட்டு நின்னுட்டு இருந்துது. அப்பன்கிட்டேர்ந்து ஒரு மெர்ல், அம்மாகிட்டேர்ந்து பெரிய ஈ, மறைக்க மஞ்சள் இல்லாததால மெர்ல் வெளிய வந்துடுச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு யாராவது ஒருத்தர் அந்த கருப்பு மூக்க பாத்து சந்தேகப்பட்டிருந்தா இந்த வெள்ளை குட்டி இந்த நிலைமைல பொறந்திருக்காது. கடுவன்காரங்க நேர்ல போய் அந்தம்மாகிட்ட ரிசல்ட்ட காட்டி மன்னிப்பு கேட்டாங்க, நானும் கூட போயிருந்தேன்.

கடுவன இனி மெர்ல் இல்லாத பெட்டைக்கு மட்டும்தான் விடறதுன்னு முடிவு, அதுவும் பெட்டை செவலையா மஞ்சளா இருந்தா மெர்ல் டெஸ்ட் பேப்பர் கைல வாங்கிட்டுதான். பேப்பர்ல கலர் கட்டத்துல ரெட்டுன்னு இருந்தத மாத்த மனு குடுத்திருக்காங்க.

மஞ்சள் குட்டி ரெண்டுலயும் மெர்ல் பாத்தோம். காபி மூக்கு குட்டிக்கு இல்ல. கருப்பு மூக்கு குட்டிக்கு ஒரு காப்பி இருக்கு, அப்பன் மாதிரியே, உடம்புல ஒரு அடையாளம் கிடையாது, கண்ணு ரெண்டும் முழு பிரவுன், நீல துண்டு கூட இல்ல. அத வாங்குன குடும்பத்துகிட்ட ரிப்போர்ட் காப்பிய குடுத்து, தடுப்பூசி அட்டையோட முதல் பக்கத்துலயே பெருசா 'மெர்ல் ஒரு காப்பி, வெளிய தெரியாது'ன்னு எழுதி ஒட்டிட்டோம். வெள்ளை குட்டி பெட்டைக்காரர் வீட்டுலயே இருக்கு. இப்போ ஏழு மாசம், கை விரிச்சா உக்காரும், கட்டை விரல காட்டினா ஓடி வரும், தூங்கறப்போ எழுப்பணும்னா அவர் தரைல ரெண்டு தட்டு தட்டுவாரு, அது தலைய தூக்கி நல்ல கண்ணு இருக்கற பக்கமா திரும்பி பாக்கும்.